எண்ணெயில் மூழ்கிய பூண்டு: வான்கூவர், 1985 – ஒரு நிகழ்வு ஆய்வு

1985-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பதின்வயதுச் சகோதரிகள் இருவருக்குப் போட்யூலிசம் (பாக்டீரியா நஞ்சால் நரம்பு தாக்கப்பட்டுத் தசைகள் செயலிழக்கும் நோய்) என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அவர்கள் எங்கே, என்ன சாப்பிட்டார்கள் என்று தேடிப் போன வழி, நாட்டின் மறுகோடியில் வான்கூவரில் உள்ள ஓர் உணவகத்தில் போய் முடிந்தது. அங்கே முந்தைய 6 வாரங்களில் சாப்பிட்டவர்களில் மேலும் 36 பேருக்கு அதே நோய் இருந்தது. அதுவரை யாருக்கும் அது போட்யூலிசம் என்று தெரிந்திருக்கவில்லை. 6 பேருக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத்தளர்ச்சி நோய் என்றும், 4 பேருக்கு மனநலக் கோளாறு என்றும், 3 பேருக்குப் பக்கவாதம் என்றும் சீட்டு எழுதப்பட்டிருந்தது. நோயாளிகள் 3 நாடுகளில், குறைந்தது 8 மாகாணங்களிலும் மாநிலங்களிலும் சிதறிக் கிடந்தார்கள். நோய் மெதுவாகவும் மிதமாகவும் ஏறியதால் ஒருவரையும் இன்னொருவரையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

நோயுற்றவர்கள் சாப்பிட்டதையும் நோயுறாதவர்கள் சாப்பிட்டதையும் வரிசையாக ஒப்பிட்டபோது சிக்கிய பொருள் சோயா எண்ணெயில் போட்டு புட்டியில் அடைத்த அரிந்த பூண்டு. அதைக் கலந்த வெண்ணெயை ரொட்டியில் தடவி சாண்ட்விச் செய்திருந்தார்கள். குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டிய புட்டி வெளியே இருந்தது. அதற்குள் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் பி வகை வளர்ந்து நஞ்சை உண்டாக்கியிருந்தது.

தாவரச் சாறுகளை இயற்கைக் கிருமிநாசினியாக உணவில் பயன்படுத்துவது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பூண்டிலிருந்துதான் தொடங்குவார்கள். சோதனைத் தட்டில் அது ஸ்டேஃபிலோகாக்கஸை, சால்மோனெல்லாவை, ஈ. கோலியை அடக்கும் படங்கள் ஏராளம். அந்தப் படங்கள் பொய்யில்லை. அப்படியிருந்தும் அதே பூண்டு, உணவுவழி நஞ்சுகளிலேயே கொடியதற்கு வாகனமானது. இது எப்படி நடந்தது என்பதை ஒவ்வொரு படியாகப் பிரித்துப் பார்ப்பது, தாவரச் சாறு வேலை செய்யும் இடத்தையும் கைவிடும் இடத்தையும் தெளிவாகக் காட்டும்.

பூண்டின் வீரியம் எங்கே போயிற்று

முழுப்பல்லில் கிருமிநாசினி என்று சொல்லத்தக்க அலிசின் கிடையாது. அலியின் என்ற கந்தகச் சேர்மம் செல்லின் ஒரு பகுதியிலும், அலினேஸ் என்ற நொதி வேறொரு அறையிலும் தனித்தனியே இருக்கின்றன. நசுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் சேர்கின்றன, சிறிது நேரத்திலேயே அலிசின் உண்டாகிறது. அந்தக் காரமான வாசனை அதனுடையதுதான். அலிசினை 1944-இல் அமெரிக்காவில் கவாலிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியாவின் நொதிகளில் உள்ள கந்தக–ஹைட்ரஜன் தொகுதிகளைப் பிடித்துக்கொண்டு அவற்றை முடக்குவது அதன் வேலை.

இந்த வேதியியலிலேயே அதன் பலவீனமும் இருக்கிறது. கந்தகத் தொகுதிகள் பாக்டீரியாவில் மட்டும் இல்லை. இறைச்சியிலும் பாலிலும் உள்ள புரதங்களிலும் அவை உண்டு. உணவில் கலந்த அலிசின் பெரும்பாலும் கிருமியைத் தேடிப் போவதற்குள் புரதத்திலேயே செலவாகிவிடும். இரண்டாவது, அலிசின் நிலையற்ற சேர்மம். தண்ணீரில் சில நாட்கள் தாங்கும். தாவர எண்ணெயில் சில மணி நேரத்திலேயே அளவு பாதியாகி, அஜோயீன், வினைல்டைதீன் போன்ற வேறு சேர்மங்களாக உருமாறும். அவற்றுக்கும் ஓரளவு வீரியம் உண்டு, ஆனால் அலிசினின் வேகம் இல்லை. மூன்றாவது, நசுக்கும் முன்பே சூடேற்றினால் அலினேஸ் செத்துவிடும். வேகவைத்த முழுப்பூண்டில் அலிசின் பிறப்பதே இல்லை. ரசத்தில் மிதக்கும் பூண்டைக் கிருமிநாசினி என்று சொல்வது ஆசையினால் வருவது.

இதைவிட முக்கியமான ஒரு செய்தி வான்கூவருக்கு 6 ஆண்டுகள் முன்பே அச்சில் இருந்தது. 1979-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அரைத்த இறைச்சியில் கிராமுக்கு 1500 மைக்ரோகிராம் பூண்டு எண்ணெய் அல்லது வெங்காய எண்ணெய் கலந்து பொட்டுலினம் நஞ்சைச் சோதித்தார்கள். ஏ வகை நஞ்சு உண்டாவது குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. பி வகையும் ஈ வகையும் அசையவே இல்லை. வான்கூவரில் வந்தது பி வகை.

எண்ணெய்க்குள் இருக்கும் உலகம்

பொட்டுலினத்தின் வித்துகள், அதாவது கடுஞ்சூழலைத் தாங்கி உறங்கும் அதன் வடிவங்கள், மண்ணில் எங்கும் உண்டு. பூண்டு மண்ணுக்குள் விளைவது, ஆகவே தோலில் வித்துகள் ஒட்டியிருப்பதில் வியப்பில்லை. வித்து நிலையில் அது பெரியவர்களுக்குப் பொதுவாகத் தீங்கு செய்யாது. பெரியவர்கள் நாள்தோறும் விழுங்கிக் கடந்துபோகிறோம். அது முளைத்து வளரச் சில நிபந்தனைகள் ஒருசேர அமைய வேண்டும்: ஆக்சிஜன் இருக்கக்கூடாது, பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்கு மேல் இருக்க வேண்டும், நீர்ச் செயல்பாடு (கிருமி பயன்படுத்தக்கூடிய நீரின் அளவுகோல்) ஏறத்தாழ 0.94-க்கு மேல் இருக்க வேண்டும், வெப்பம் போதுமானதாக இருக்க வேண்டும்.

எண்ணெயில் இட்ட பச்சைப் பூண்டு இந்த நான்கையும் தட்டில் வைத்துக் கொடுக்கிறது. பூண்டின் பி.எச். 5.3 முதல் 6.3 வரை இருக்கும். எடையில் பாதிக்கு மேல் நீர். எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. அறை வெப்பம் மிச்சத்தைச் செய்கிறது. எண்ணெய் ‘பாதுகாக்கும்’ என்ற நம்பிக்கை பூஞ்சையைப் பொறுத்தவரை சரி, ஏனென்றால் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். பொட்டுலினத்துக்கு அதே எண்ணெய் கோட்டைச்சுவர். எண்ணெய்க்கு நீர்ச் செயல்பாடு இல்லாவிட்டாலும், கிருமி வளர்வது எண்ணெயில் அன்று. அதில் மூழ்கிய துண்டின் ஈரத்துக்குள். ஆகவே எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் துண்டின் உள்ளே நிலைமை மாறாது.

எண்ணெயைக் கொதிக்கக் காய்ச்சி ஊற்றினால் போதாதா என்ற கேள்வி தவறாமல் வரும். எண்ணெய் 160 டிகிரி செல்சியஸ் ஆனாலும், துண்டுக்குள் நீர் இருக்கும்வரை அதன் உள்வெப்பம் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். வித்துகளை நம்பத்தக்க அளவில் அழிக்க 121 டிகிரியில் சுமார் 3 நிமிடம் வேண்டும். அதற்கு அழுத்தக்கலன் தேவை. அரைவேக்காட்டுச் சூடு செய்வது என்னவென்றால், போட்டிக்கு இருந்த மற்ற பாக்டீரியாக்களைக் கொல்லும், கரைந்திருந்த ஆக்சிஜனை விரட்டும், அலினேஸையும் அழிக்கும். வித்துக்கு மட்டும் வீடு காலி செய்து கொடுத்ததுபோல் ஆகும். பூண்டு நீர் முழுதும் வற்றி மொறுமொறுவென்று பொரிந்துவிட்டால் கதை வேறு. அங்கே நீர்ச் செயல்பாடு இறங்கிவிடுகிறது. ஆனால் வெளியே பொன்னிறம், உள்ளே மென்மை என்ற நிலையில் எடுத்ததை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

மூக்கையும் நம்ப முடியாது. வான்கூவருக்குப் பின் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சாலமனும் காட்டரும் அரிந்த பூண்டுப் புட்டிகளில் மிகக் குறைந்த அளவு வித்துகளைச் செலுத்தி 35 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள். 1988-இல் அவர்கள் எழுதியது: சில வாரங்களில் பூண்டில் நஞ்சு ஏறியது, நஞ்சு மிகுந்த புட்டிகூடப் பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருந்தது. பூண்டின் கார மணம் கெட்டுப்போன வாசனையை மூடிவிடும் என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் முறை

1989 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில் பூண்டு ரொட்டி சாப்பிட்ட 3 பேருக்குப் போட்யூலிசம் வந்தது. மீந்திருந்த எண்ணெய்ப் பூண்டைச் சோதித்ததில் பி.எச். 5.7, கிருமியும் நஞ்சும் பெருமளவில். அந்தப் பொருளிலும் அமிலம் இல்லை, தடுப்புச் சேர்மம் இல்லை. ‘எப்போதும் குளிரில் வை’ என்ற ஒரே காவல். அந்த ஒரு காவல் தவறினால் பின்னால் எதுவும் இல்லை. இதற்குப் பிறகுதான் எண்ணெய்ப் பூண்டில் நுண்ணுயிர்த் தடுப்பானோ அமிலமூட்டியோ சேர்க்க வேண்டும் என்று உணவு மருந்து நிர்வாகம் கட்டாயமாக்கியது. இன்று கடைப்புட்டிகளில் சிட்ரிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம் என்ற வரி இருப்பதன் காரணம் இதுதான். சுவைக்காகப் போட்டது என்று நினைத்து அந்த வரி இல்லாததைத் ‘தூய்மையானது’ என்று தேடி வாங்குவது தலைகீழான தேர்வு.

1994-இல் டெக்சாஸின் எல் பாசோவில் 30 பேர் விழுந்த நிகழ்வையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்டு, அப்படியே வெளியே வைத்திருந்த உருளைக்கிழங்கில் செய்த ஸ்கோர்டாலியா என்ற கிரேக்கத் தொகையல். நஞ்சு கிழங்கிலேயே உண்டாகிவிட்டது. ஸ்கோர்டாலியாவின் முக்கியப் பொருள் பூண்டு. உண்டாகிவிட்ட நஞ்சைப் பச்சைப் பூண்டு ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியாது.

அமிலமேற்றுதல்: செய்முறையும் தவறும் இடங்களும்

வீட்டு அளவில் சோதித்து நிறுவிய முறை ஒன்றை அமெரிக்காவின் இடாஹோ பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டிருக்கிறார்கள். கணக்கு எளிது, ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் உண்டு.

200 கிராம் உரித்த பூண்டை 6 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக அரியவும். 582 கிராம் தண்ணீரில் 18 கிராம் சிட்ரிக் அமிலத்தை (கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைப்பது) கரைத்தால் 600 கிராம் 3 சதவீதக் கரைசல். பூண்டு ஒரு பங்கு, கரைசல் மூன்று பங்கு, எடையில். துண்டுகள் மேலே மிதக்காமல் ஒரு தட்டை அழுத்தி வைத்து, குறைந்தது 24 மணி நேரம் ஊறவிடவும். பிறகு வடித்து, ஈரம் சொட்டாமல் எடுத்து, ஒரு பங்கு பூண்டுக்குப் பத்துப் பங்கு எண்ணெய் சேர்க்கவும். துளசி இனத்தைச் சேர்ந்த பேசில், ஆரிகனோ, ரோஸ்மேரி இலைகளுக்கும் இதே கரைசல்தான், ஆனால் ஒரு பங்கு இலைக்குப் பத்துப் பங்கு கரைசல். பச்சை மிளகாய்க்கோ வெங்காயத்துக்கோ கறிவேப்பிலைக்கோ இந்த எண்களை மாற்றிப் பொருத்தக்கூடாது. அமிலம் சேர்த்தாலும் பி.எச். இறங்காமல் தாங்கும் திறன் ஒவ்வொன்றுக்கும் வேறு. அமிலத்தை உறிஞ்சும் வேகமும் வேறு.

சட்ட எல்லை 4.6 என்றாலும் இலக்காக 4.2 வைப்பதே முறை. அளவீட்டுப் பிழை, துண்டின் அளவு மாறுபாடு எல்லாவற்றுக்கும் அந்த 0.4 இடம் கொடுக்கிறது.

தவறுகள் பெரும்பாலும் நான்கு இடத்தில் நிகழ்கின்றன. முதலாவது, முழுப்பல்லை ஊறவைப்பது. மேற்பரப்பு புளிக்கும், நடுப்பகுதி 5-க்கு மேலேயே நிற்கும். கிருமிக்கு அந்த நடு போதும். இரண்டாவது, எண்ணெயில் போட்ட பிறகு அமிலம் ஊற்றுவது. எண்ணெய் பூசிய துண்டுக்குள் அமிலம் நுழையாது, அடியில் தனியாகத் தேங்கிவிடும். வரிசை மாறினால் முறையே இல்லை. மூன்றாவது, எலுமிச்சைச் சாற்றைக் கண்ணளவாகப் பிழிவது. பழத்துக்குப் பழம் புளிப்பு வேறுபடும். நான்காவது அளவிடுவதிலேயே இருக்கிறது. பி.எச். மானி எண்ணெயில் சரியாகக் காட்டாது. முனையில் எண்ணெய் படிந்து பொய் எண் வரும். எண்ணெயை வடித்து, துண்டுகளைத் துடைத்து, சிறிதளவு காய்ச்சி வடித்த நீர் விட்டு அரைத்து, அந்த விழுதில் அளக்க வேண்டும். அதற்கு முன் பி.எச். 4.01, 7.00 என்று முன்பே தெரிந்த இரு தாங்கல் கரைசலிலும் மானியைச் சரிபார்க்க வேண்டும். நிறம் மாறும் தாள்பட்டை 4.2-க்கும் 4.6-க்கும் உள்ள இடைவெளியைப் பிரித்துக் காட்டப் போதாது.

ஊறும்போது பூண்டு சில சமயம் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். குளிரில் சேமித்த பூண்டில் இது அதிகம். அமிலத்தில் கந்தகச் சேர்மங்கள் அமினோ அமிலங்களோடு சேர்ந்து உண்டாக்கும் நிறமிதான் அது; தீங்கில்லை. சீனாவில் இந்தப் பச்சை நிறத்துக்காகவே வினிகரில் பூண்டு ஊறவைக்கிறார்கள். நிறத்தைக் கண்டு பயந்து நல்லதைக் கொட்டுவதும், நிறம் மாறாததால் கெட்டதை நம்புவதும் ஒரே பிழையின் இரு முனை.

அமிலம் ஏற்றாத எண்ணெய்ப் பூண்டுக்கு அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் சொல்லும் வரம்பு குளிர்ப்பெட்டியில் 4 நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் உறைநிலை. குளிர்ப்பெட்டி என்றால் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே. அடிக்கடி திறக்கும் கதவின் தட்டு அன்று. பொட்டுலினத்தின் ஒரு பிரிவு 10 டிகிரிக்குக் கீழே வளராது, இன்னொரு பிரிவு 3 டிகிரியிலேயே மெதுவாக வளரும். ஆகவே குளிர் என்பது தாமதம்தான்.

தட்டில் கண்டதும் தட்டில் காணாததும்

தாவரச் சாற்றை உணவுக்குப் பரிந்துரைக்கும் ஆய்வுகள் பலவற்றில் ஒரே வழுக்கல் இருக்கிறது. கிருமி வளர்க்கும் அகார் என்ற கூழ்மத் தட்டில் சாற்றில் நனைத்த காகித வட்டை வைத்து, சுற்றிலும் தெளிந்த வளையத்தை மில்லிமீட்டரில் அளந்து, வளையம் பெரிதென்றால் வீரியம் பெரிது என்று முடிப்பது. வளையத்தின் அளவு பெரும்பகுதி அந்தச் சேர்மம் நீர்மயமான அகாரில் எவ்வளவு பரவுகிறது என்பதைப் பொறுத்தது. கிராம்பின் யூஜெனால், ஓமத்தின் தைமால், பட்டையின் சின்னமால்டிஹைடு எல்லாம் நீரில் கரைய மறுப்பவை. இரண்டு தாவரங்களை வளையத்தால் ஒப்பிடுவது பெரும்பாலும் பரவுதிறனை ஒப்பிடுவதாகவே முடிகிறது.

நுண்குழித் தட்டில் இரட்டை இரட்டையாக நீர்த்துக்கொண்டே போய், மில்லிலிட்டருக்கு சுமார் 5 லட்சம் செல்கள் வைத்து, வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவைக் காண்பது மேலான வழி. அங்கும் கவனம் வேண்டியவை: எண்ணெயைக் கலக்க வைக்கும் டைமெத்தில் சல்ஃபாக்சைடோ ட்வீன் 80-ஓ சேர்த்த, சாறு இல்லாத கட்டுப்பாட்டுக் குழி இருந்தாக வேண்டும். ஆவியாகும் எண்ணெய் பக்கத்துக் குழிக்குப் போய் அங்கும் வளர்ச்சியைத் தடுக்கும். மூடித் தகடும் இடைவெளிக் குழிகளும் இல்லாத தட்டில் எண்கள் நம்பத்தக்கவை ஆகா. வளர்ச்சி நின்றது என்பதற்கும் கிருமி செத்தது என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறிய, தெளிந்த குழியிலிருந்து எடுத்துப் புதுத் தட்டில் பரப்பிப் பார்க்க வேண்டும். பூண்டைச் சாக்ஸ்லெட் என்ற சாறெடுக்கும் கருவியில் சூடேற்றி வடித்த சாற்றை ‘பூண்டுச் சாறு’ என்று எழுதும் ஆய்வில் அலிசின் அநேகமாக இருக்காது. அது வேறு பொருள். பச்சைப் பூண்டை நசுக்கி 10 நிமிடம் விட்டு, குளிர்ந்த நீரில் பிழிந்து, அலிசின் அளவையும் எழுதியிருந்தால்தான் அடுத்தவர் அதைத் திரும்பச் செய்ய முடியும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் அது குழம்புக்கோ பாலாடைக்கட்டிக்கோ பொருந்தாது. 2004-இல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு தொகுப்பாய்வு இதை எண்ணில் சொன்னது. சோதனைக் குழாயில் போதுமான நறுமண எண்ணெய் அளவைப் போல, பாதி கொழுப்பு நீக்கிய பாலில் 2 மடங்கும், பன்றி ஈரல் சாசேஜில் 10 மடங்கும், சூப்பில் 50 மடங்கும், மென் பாலாடைக்கட்டியில் 25 முதல் 100 மடங்கு வரையும் தேவைப்பட்டது. கொழுப்பு எண்ணெயைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது; கிருமி நீர்ப்பகுதியில் நிம்மதியாக இருக்கிறது. கிராம்பெண்ணெயை 50 மடங்கு கூட்டினால் அதை யாரும் வாயில் வைக்க முடியாது.

ஆகவே கடைசிச் சோதனை உணவிலேயே நடக்க வேண்டும். உண்மையான உணவில் கிருமியைச் செலுத்தி, விற்பனையில் நேரக்கூடிய மோசமான வெப்பத்தில் வைத்து, குறிக்கப்பட்ட ஆயுளைத் தாண்டியும் எண்ணிப் பார்ப்பது. பொட்டுலினத்தைக் கல்லூரி ஆய்வகத்தில் கையாளக்கூடாது. நஞ்சு இல்லாத அதன் உறவான கிளாஸ்டிரிடியம் ஸ்போரோஜீன்ஸைப் பதிலியாக வைக்கலாம். சாறு சேர்த்தது, சேர்க்காதது, அமிலம் மட்டும் சேர்த்தது, இரண்டும் சேர்த்தது என்று நான்கு தொகுதி வைத்தால், சாறு உண்மையில் எவ்வளவு தாங்குகிறது என்பது வெளிப்பட்டுவிடும். அமிலம், உப்பு, குளிர் ஆகியவை ஏற்கெனவே கிருமியைத் திணறடித்துக் கொண்டிருக்கும்போது கூடச் சேரும் ஓமமோ கிராம்போ பயன் தரும். தடைகளை அடுக்கும் முறையில் தாவரச் சாற்றுக்கு மரியாதையான இடம் உண்டு. தனித்து நிற்கும் காவலாளி என்ற இடம் கிடையாது.

நம் சாடிகள்

பூண்டு ஊறுகாய் தலைமுறைகளாகக் கெடாமல் இருப்பதைப் பூண்டின் வீரியத்துக்குச் சாட்சியாகச் சொல்வதுண்டு. அங்கே காப்பவை புளியும் எலுமிச்சையும் உப்பும்தான். நல்லெண்ணெய் மேலே நின்று பூஞ்சையைத் தடுக்கிறது. உப்பைக் குறைத்து, புளியைக் குறைத்து, எண்ணெயை மட்டும் தாராளமாக ஊற்றிய ‘உடல்நலப் பதிப்பு’ ஊறுகாய் பழைய ஊறுகாயின் பாதுகாப்பைச் சுமப்பதில்லை. பெயர் ஒன்று, பொருள் வேறு.

இஞ்சி பூண்டு விழுதில் கெடாமல் இருக்க எண்ணெய் விட்டு அரைக்கச் சொல்லும் குறிப்பும் இதே வகை. விழுதை உப்போடு அரைத்து, ஒரு நாள் தேவைக்குரிய அளவாகப் பனிக்கட்டித் தட்டில் உறைய வைப்பதே எளிய வழி. எண்ணெயில் பச்சைப் பூண்டும் மிளகாயும் போட்டு அடுப்பு மேடையில் வாரக்கணக்கில் வைக்கும் புட்டிகள் வான்கூவர் புட்டியின் அதே அமைப்பு. பூண்டு மணம் எண்ணெயில் வேண்டுமென்றால், முற்றிலும் உலர்த்திய பூண்டைப் போடலாம். அதில் கிருமி வளர ஈரம் இல்லை.

அமிலம் ஏற்றியதா என்று தெரியாத பழைய புட்டியைச் சுவைத்துப் பார்க்கக்கூடாது. 85 டிகிரியில் 5 நிமிடம் உள்ளே வரை சூடேறினால் நஞ்சு அழியும் என்பது உண்மை. ஆனால் சந்தேகமான புட்டியைக் காய்ச்சிச் சாப்பிட அதைக் காரணமாக்க வேண்டாம். மூடியோடு உறையில் கட்டிக் குப்பையில் சேர்க்கவும். எண்ணெய்ப் பூண்டு சாப்பிட்ட சில மணி முதல் சில நாட்களுக்குள் இமை தொங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, விழுங்கவோ பேசவோ தடுமாறினாலோ, உடனே மருத்துவமனைக்குப் போய் என்ன சாப்பிட்டோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். எதிர்நஞ்சு நரம்பில் ஏறிவிட்ட நஞ்சை மீட்காது. இரத்தத்தில் இன்னும் சுற்றுவதை மட்டுமே பிடிக்கும்.